அதிபர் வேலையை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் படங்களை ஆண்டு வரிசையில் அச்சிடுவது வழக்கம். "இவர் காலத்தில்தான் நாங்கள் படித்தோம்" என்று நாமெல்லோரும் ஒரு படத்தில் விரல் வைப்போம். ஆனால், வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் ஒரு திங்கட்கிழமை காலை அதிபராகிவிட்டபோது, அந்த வேலையை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நாம் கேட்டதில்லை.

நெடுங்காலமாக யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே நமது மலையின் வரலாறு.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. பதுளைக்கு ரயில் வந்த 1924ஆம் ஆண்டில் ஊவாத் தோட்டங்களில் பாடசாலை என்றாலே பெரும்பாலும் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும்தான். எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவரே. தலைமை ஆசிரியரும் அவரே. அவருக்கு மேலே கல்வி அதிகாரியை விடத் துரையே கண்ணுக்குத் தெரிந்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் மத்திய மகா வித்தியாலயங்கள் கிராமத்துப் பிள்ளைகளைத் தூக்கிவிட்டன. லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களில் படிப்பித்துக் கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசிடம் போயின. அதன்பின் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. வாத்தியார் அதிபரானார். நேற்று வரை கரும்பலகையும் சோக்கும் மட்டுமே வைத்திருந்தவர் இன்று மாணவர் இடாப்பு, பொருட்பதிவேடு, சம்பவத்திரட்டு, நேரசூசி எல்லாவற்றையும் சுற்றறிக்கைப்படி வைத்திருக்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கையோ பல வேளைகளில் சிங்களத்தில் வந்தது. அவரவர் புத்திக்கும் மனச்சாட்சிக்கும் எட்டியபடி சமாளித்தார்கள். சிலர் அற்புதமாகச் சமாளித்தார்கள் என்பதற்கு நம் தலைமுறையே சாட்சி. ஆனால் ஒரு நல்லவர் மாற்றலாகிப் போனதும் பாடசாலை ஐந்தாறு ஆண்டு சரிந்ததற்கும் நாமே சாட்சி.

1980களில் நிலைமை கொஞ்சம் அசைந்தது. ஸ்வீடனின் சீடா உதவியால் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் மஹரகமவில் தேசிய கல்வி நிறுவகம் உருவானது. அதன் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் பாதுக்கைக்கு அருகே மீப்பேயில் இருக்கிறது. நாட்டின் அதிபர்கள் நிருவாகம் கற்கப் போகும் இடம் அதுதான். 1990களில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி மலையகத்துக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்களைக் கொடுத்தது. அதிபர்களுக்கென்று அப்படியொரு இடம் மலையில் எழவில்லை.

இன்று இலங்கை அதிபர் சேவைக்குப் பரீட்சையும் நேர்முகமும் உண்டு. 2014இல் சேவைப் பிரமாணக் குறிப்பும் புதிதாக வந்தது. அப்படியிருந்தும் பல பாடசாலைகளைப் பதிற்கடமை அதிபர்களே ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள். நம்மில் மருத்துவத் துறைக்கு வந்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படுகிறது. பல்கலைக்கழகம் முடித்த பிறகும் ஓராண்டு உள்ளகப் பயிற்சி இல்லாமல் எங்களைத் தனியே வேலை செய்ய விடுவதில்லை. வைத்தியசாலையை நிருவகிப்பதற்கென்றே பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் தனிப் படிப்பு இருக்கிறது. ஐந்நூறு பிள்ளைகளின் பொறுப்பை மட்டும் சாவிக் கொத்தோடு கையில் கொடுத்துவிடலாமா?

பயிற்சி என்ற பெயரில் வருவதெல்லாம் பயிற்சியும் அல்ல. 2010களின் முற்பகுதியில் அதிபர்களை ரந்தம்பையிலுள்ள மாணவர் படையணி நிலையத்துக்கு அழைத்து இராணுவப் பாணியில் தலைமைத்துவம் பழக்கினார்கள். சிலருக்குக் கேணல் பட்டமும் கிடைத்தது. அணிவகுப்பில் கற்றதை வைத்து, கொழுந்து எடுக்கும் காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க முடியுமா என்பது நமக்குத் தெரியவில்லை.

ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் பிறந்த மலேசியாவைப் பாருங்கள். அங்கே கல்வி நிருவாகப் பயிற்சிக்கென்று 1979இலேயே ஒரு நிறுவனம் தொடங்கியது. இன்று அதன் பெயர் அமினுடின் பாக்கி நிறுவனம். சிங்கப்பூரில் அதிபராக வரக்கூடியவர்களை மாதக்கணக்கில் முழுநேரமாகப் படிக்க அனுப்புகிறார்கள். இங்கிலாந்தோ 1997இல் தொடங்கிய தலைமையாசிரியர் தகைமையை 2009இல் கட்டாயமாக்கி, 2012இல் தளர்த்திவிட்டது. ஆகவே சான்றிதழ் ஒன்றே மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. நல்ல அதிபர் ஒருவரின் பக்கத்தில் பிரதி அதிபராக இரண்டு வருடம் இருந்து, கணக்குப் பார்ப்பதையும் கோபமாக வரும் பெற்றோரை உட்காரவைத்துப் பேசுவதையும் கண்ணால் பார்த்துக் கற்பதற்கு ஈடில்லை. மீப்பேயில் படிப்பது அதற்கு மேல் ஏற வேண்டிய படி.

இதில் பெண்களின் கணக்கு வேறு. இலங்கை ஆசிரியர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். அதிபர் நாற்காலியில் ஆண்களே கூடுதல். லுணுகலையிலிருந்து பசறை, பதுளை என்று பஸ் மாறி, இரவு ரயிலோ பஸ்ஸோ பிடித்து மேல் மாகாணத்துக்குப் போய்த் தங்கிப் படிப்பது கைக்குழந்தையும் மாமியாரும் உள்ள டீச்சருக்கு எவ்வளவு கடினம் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. தகுதி இருந்தும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமல் மடித்து வைத்தவர்களை நாம் அறிவோம்.

எனவே நூற்றாண்டு நிதி பற்றி ஒரு யோசனை. நுழைவாயில் வளைவு வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள், கட்டலாம், அவசரமில்லை. முதலில் நிதியின் ஒரு பங்கை அதிபர் சேவைப் பரீட்சைக்குப் படிக்கும் நமது வலயத்து ஆசிரியைகளின் பயணம், தங்குமிடம், பிள்ளை பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஒதுக்குவோம். ஓய்வுபெற்ற அதிபர்கள் பசறையில் மாதம் ஒரு சனிக்கிழமை தமிழில் வகுப்பெடுக்க முன்வந்தால், அவர்களுக்குப் பஸ் காசும் பகல் சாப்பாடும் சங்கம் கொடுக்கட்டும். கொழும்பு, சென்னை, லண்டன், ரொறன்ரோ என்று எங்கிருந்தாலும் அக்காமாரும் தங்கைமாரும் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன்னர் செயலாளருக்கு உங்கள் சம்மதத்தையோ மறுப்பையோ எழுதி அனுப்புங்கள். மறுப்பவர்கள் காரணத்தையும் எழுதினால் கூட்டத்தில் வாசிப்போம்.