மாட்டு உண்ணிக்குள் வாழும் பாக்டீரியா: ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் உண்ணி ஒழியுமா?

சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் பலர் இப்போது கேட்கும் கேள்வி இது. உண்ணியின் உடலுக்குள் ஒரு பாக்டீரியா இருக்கிறது, அது இல்லாமல் உண்ணி பிழைக்காது என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். அப்படியானால் மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டுவிடலாமே என்பது கணக்கு. கேள்விப்பட்டது உண்மை, கணக்குதான் தவறு.

ரத்தத்தில் புரதம் நிறைய உண்டு, பி வைட்டமின்கள் மிகக் குறைவு. வாழ்நாள் முழுக்க ரத்தத்தை மட்டுமே குடிக்கும் உயிர் அந்தக் குறையை எப்படியாவது ஈடுகட்டியாக வேண்டும். மூட்டைப்பூச்சி, பேன், ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ எல்லாம் வைட்டமின் செய்து தரும் பாக்டீரியாவை உடம்புக்குள்ளேயே வைத்திருக்கின்றன. பருத்தியில் சாறு உறிஞ்சும் அசுவினியும் இதே வழிதான். சாற்றில் குறையும் அமினோ அமிலத்தை உள்ளே இருக்கும் பாக்டீரியா தருகிறது.

உண்ணி பூச்சி இனம் அல்ல, எட்டுக்கால் சிலந்தி இனம். நம் மாடுகளில் அதிகம் காணும் ரிபிசெபாலஸ் உண்ணியில் காக்ஸியெல்லா வகை பாக்டீரியா இருக்கிறது. அது தங்குவது முக்கியமாகச் சினைப்பையிலும் கழிவுக் குழாய்களிலும். அதனால் முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுகிறது. மாட்டுக்கு நோய் தருவது இந்தப் பாக்டீரியா அல்ல. நோய் தரும் பபீசியா, தைலீரியா, அனாபிளாஸ்மா ஆகியவை வேறு கிருமிகள்.

2017-ல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில் பெண் உண்ணிகளுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளிருந்த பாக்டீரியா பெரும்பாலும் அழிந்தது. ஆனால் உண்ணி சாகவில்லை. வழக்கம்போல முட்டையும் இட்டது. அடுத்த தலைமுறைதான் முழு வளர்ச்சிக்கு வராமல் பாதியில் நின்றது. அதாவது இன்று உங்கள் மாட்டின் மேல் இருக்கும் உண்ணி தொடர்ந்து ரத்தம் குடிக்கும். உங்களுக்கு மிஞ்சுவது பாலில் மருந்து எச்சமும், மருந்துக்கு அடங்காத கிருமியும்தான். அனாபிளாஸ்மா போன்ற நோய் வந்தால் அதே டெட்ராசைக்ளினைக் கால்நடை மருத்துவர் போடுவார். அது நோய்க்கு, உண்ணிக்கு அல்ல. ஐவர்மெக்டின் போல உண்ணியைக் கொல்லும் ஊசியும் உண்டு. ஆனால் கறவை மாட்டுக்கு அவர் சொல்லாமல் போடவே கூடாது.

அப்படியானால் எங்கே அடிப்பது? கட்டுத்தரையில். இந்த உண்ணி மாட்டின் மேல் இருப்பது ஏறக்குறைய மூன்று வாரம். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் சாணக் குவியல் ஓரத்திலும் 2,000-க்கு மேல் முட்டை இட்டுச் சாகும். மாட்டுக்கு மட்டும் மருந்து அடித்து, சுவரை விட்டுவிட்டால் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்துதான். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள். பிடுங்கிய உண்ணியை நசுக்கியோ வாசலில் எறிந்தோ விடாமல் மண்ணெண்ணெயில் போடுங்கள். டெல்டாமெத்ரின் தெளித்தும் பலன் இல்லையென்றால் அளவைக் கூட்டாதீர்கள். அம்மருந்துக்கு உண்ணிகள் பழகிவிட்டது இந்தியாவின் பல பகுதிகளில் பதிவாகியிருக்கிறது. மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தெளித்த கேனை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவ வேண்டாம், மீன் செத்துவிடும்.

கைமருந்து வேண்டுவோருக்கு தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரிந்துரைப்பது: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, மாட்டின் மேலும் கட்டுத்தரை இடுக்குகளிலும் வாரம் ஒருமுறை, உண்ணி நிற்கும் வரை தெளிக்க வேண்டும். உண்ணிச்செடியை மாடு தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது விஷம்.

காங்கேயம் மாட்டைவிட ஜெர்சி, எச்.எப். கலப்பினத்துக்கு உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும் அதிகம் பிடிக்கும். அவற்றைத் தினமும் காதுக்குள், வாலடியில், மடிப்பக்கம் தடவிப் பாருங்கள். கடும் காய்ச்சல், தோளுக்கு முன்னால் நெறி கட்டுதல், திடீரென்று பால் குறைவது, காப்பி நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே 1962-க்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழையுங்கள்.