மூன்றாவது மேடு

டீசல் லாரியால் கண்டம் கடந்து ஓட முடியும் என்று காட்டுவதற்காக 1931இல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஒரு லாரி கிளம்பியது. கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் சூடேறிக் கைவிட்டது. அடிவாரத்தில் சரக்கு ரயில் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி விலகியதும் மயிரிழையில் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. அதில் இருந்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1919இல் இந்தியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில் எஞ்சின் கம்பெனி தொடங்கியவர்.

அந்தப் பயத்துக்கான மருந்து அவருடைய எஞ்சினின் கேம்ஷாஃப்டிலேயே இருந்தது.

பல லாரி எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்க சிலிண்டருக்கு இரண்டு கேம் மேடுகள்தான். டீசல் அடிப்பது தனிப் பம்பின் வேலை. கம்மின்ஸ் எஞ்சினிலோ இன்ஜெக்டரை அழுத்த மூன்றாவது மேடு உண்டு. பின்னாளில் பேர்பெற்ற 14 லிட்டர், ஆறு சிலிண்டர் என்டி 855இல் மொத்தம் 18 மேடுகள். எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது கேம் கியர் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் வால்வு திறக்கும் நேரமும் கெடும், டீசல் இறங்கும் நேரமும் கெடும்.

கியர்களின் குறிகளைச் சேர்த்துவிட்டால் மட்டும் வேலை முடியாது. பிஸ்டனுக்கு ஒன்று, இன்ஜெக்டர் புஷ் ராடுக்கு ஒன்று என இரண்டு டயல் கேஜ் வைப்பார்கள். பிஸ்டன் உச்சிக்கு 0.2032 அங்குலம் கீழே, அதாவது கிராங்க் கணக்கில் 19 டிகிரி முன்னால் நிற்கும்போது, புஷ் ராட் இன்னும் எவ்வளவு ஏற வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த எஞ்சினுக்குரிய அளவு வராவிட்டால், கேம் ஃபாலோயர் ஹவுஸிங்கின் அடியில் இருக்கும் பேக்கிங்கின் கனத்தைக் கூட்டிக் குறைப்பார்கள்.

ஓய்வு பெற்றபின் 1950களில் கிளெஸ்ஸியின் கவனம் இந்த மூன்றாவது மேட்டின் மீது விழுந்தது. பிஸ்டன் காற்றை இறுக்கி உச்சியை நெருங்கும் வேளையில்தான் அது இன்ஜெக்டரை அழுத்துகிறது. டீசலை நிறுத்திவிட்டு, அதே அசைவை எண்ணெய் அழுத்தம் வழியாக எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கொடுத்தால்? இறுகிய காற்று வெளியேறிவிடும். பிஸ்டனைத் திருப்பித் தள்ள அதற்கு வலு இருக்காது. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். புது கேம்ஷாஃப்டும் தேவையில்லை.

டிரில் சக் தயாரித்துவந்த ஜேக்கப்ஸ் கம்பெனி 1961இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓட்டுநர்கள் ‘ஜேக் பிரேக்’ என்றார்கள். இறக்கத்தில் அது எழுப்பிய படபடப்பு ஊரையே எழுப்பியதால், எஞ்சின் பிரேக் போடத் தடை விதிக்கும் பலகைகள் அமெரிக்க ஊர்கள் பலவற்றின் எல்லையில் முளைத்தன.