பிளஷர் காரும் குடும்பக் காரும்

பழைய கார்களில் ஆர்வமுள்ள இளைஞர்கள் இப்போது கான்டெஸாவை ‘இந்தியாவின் மசில் கார்’ என்கிறார்கள். நீண்ட பானெட், நீளமான டிக்கி, அகன்ற உடம்பு. பார்வைக்குச் சரிதான். ஆனால் 1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது அம்பாசிடரின் அதே 1489 சி.சி. இன்ஜின். பயில்வான் சட்டையை குமாஸ்தா போட்டுக்கொண்ட மாதிரி. (நானே குமாஸ்தா என்பதால் சொல்லலாம்.) பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் வந்துதான் அந்த உடம்புக்குக் கொஞ்சம் நியாயம் கிடைத்தது. 2002 வரை ஓட்டினார்கள். போயஸ் தோட்டத்து அம்மையாரின் தேர்தல் சொத்துக் கணக்கில்கூட ஒரு கான்டெஸா கடைசிவரை இடம்பெற்றிருந்தது.

மசில் கார் என்பது அமெரிக்கச் சரக்கு. 1964இல் பாண்டியாக் கம்பெனி தன் சாதாரண டெம்பெஸ்ட் காரில் 6.4 லிட்டர் இன்ஜினைத் தூக்கி வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றது. அதே வருஷம் ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. அடியில் இருந்தது ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் சாமான்கள்தான். அங்கே குடும்பக் காருக்குள் பெரிய இன்ஜினை வைத்தார்கள். நம் ஊரிலோ பெரிய உடம்புக்குள் சின்ன இன்ஜினை வைத்தோம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்காவிலேயே அந்த ஆட்டம் அடங்கியது.

நம் கிராமங்களில் ஒரு காலத்தில் எந்தக் காரையும் ‘பிளஷர்’ என்றுதான் சொல்வார்கள். லாரி, பஸ் அல்லாத சொந்த வண்டி, இன்பத்துக்கான வண்டி என்ற ஆங்கிலப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. எட்டு பேரை அடைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும் அம்பாசிடரும் பிளஷர்தான்.

உண்மையான பிளஷர் என்று சொல்லத்தக்க ஒரு கார் நம் சென்னையிலேயே தயாரானது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கூட்டாக 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், தாம்பரம் தாண்டி வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்தது. முதலில் வான்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்டு எய்ட், டென் என்று சில கார்கள். 1961இல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் அதற்கு டிரையம்ஃப் ஹெரால்டு என்று பெயர். வடிவமைத்தவர் இத்தாலியர், ஜொவான்னி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் 1963இல் ஸ்டாண்டர்டு என்ற பெயரே கார்களிலிருந்து மறைந்துவிட்டது. வண்டலூரில் மட்டும் அது இன்னும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது.

அந்தக் காரின் விசேஷம் பலருக்கு நினைவிருக்கும். இரண்டே கதவு. அம்பாசிடரிலும் பியட்டிலும் முன்னால் நீள பெஞ்சு சீட்டு, ஸ்டீயரிங் பக்கத்தில் கியர். ஹெரால்டில் தனித்தனி சீட்டு, தரையில் குட்டையான கியர். முன்பக்க மட்கார்டோடு சேர்த்து பானெட் முழுவதும் முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். எல்லாவற்றையும்விட, இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். லண்டன் டாக்சிக்குச் சமம். மயிலாப்பூர் மாட வீதிகளில் எதிரே தேர் போல ஒரு அம்பாசிடர் வந்து நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

இன்ஜின் வெறும் 948 சி.சி. வேகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் தாழ உட்கார்ந்து, கியரைத் தட்டித் தட்டிப் போட்டு, அடையாறு பாலத்தைத் தாண்டும்போது நாற்பது மைல் வேகம் எழுபது மாதிரி இருக்கும். ஓட்டும் சுகம் என்பது இன்ஜின் அளவில் மட்டும் இல்லை.

இனி அதன் வம்பு. பின் சக்கரங்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியே மேலும் கீழும் அசையும். குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். பின்னால் மூன்று பேர் ஏறினால் சக்கரங்கள் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். ஆள் இல்லாமல் வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்ளே மடங்கப் பார்க்கும். தெருவோரப் பட்டறைகளுக்கு இந்த அமைப்பு பழக்கமில்லை. இரண்டு கதவு வண்டியில் புடவை கட்டிய பெண்கள் பின் சீட்டுக்கு ஏறுவது ஒரு தனி வித்தை. மடிசார் மாமிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் ஆபீஸில் கார் அட்வான்ஸ் கேட்டு வரும் விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். கல்யாணமாகாத அதிகாரி ஹெரால்டு என்று எழுதுவார். இரண்டாவது குழந்தை பிறந்ததும் அதை விற்றுவிட்டு அம்பாசிடருக்கோ பியட்டுக்கோ மாறுவார். கம்பெனிக்கும் இது புரிந்தது. 1968இல் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு தயாரானதே இல்லை. அது முழுக்க நம் மாப்பிள்ளை, மாமியார் தேவைக்காகப் பிறந்தது. 1972இல் வந்த கெசல் காரில் பின் சஸ்பென்ஷனையும் எடுத்துவிட்டு சாதாரண ஆக்சில் போட்டார்கள். பட்டறைகளுக்கு நிம்மதி. ஆனால் ஹெரால்டின் சுகமும் கூடவே போய்விட்டது என்றுதான் சொல்வேன்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ‘தெ ஷவோ’ தெரியும். இரண்டு குதிரை என்று அர்த்தம். சித்ரோயென் கம்பெனி 1948இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய தகரக் கார். குடியானவர் இருவர் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கோடு போக வேண்டும், உழுத நிலத்தில் ஓட்டினாலும் கூடையில் முட்டை உடையக் கூடாது என்பதுதான் அதற்கு விதித்த கட்டளை என்பார்கள். அழகு கிடையாது, வேகம் கிடையாது. உபயோகத்தையே நோக்கமாக வைத்துச் செய்த அந்த வண்டி 1990 வரை தயாரானது. இன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆசையாக வைத்துக்கொள்ளும் பிளஷர் கார் ஆகிவிட்டது!

வண்டலூர்க் கதையின் முடிவு சோகமானது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் விலை, நல்ல மைலேஜ். அதே சமயம் ஸ்டாண்டர்டு கம்பெனி எதிர்த்திசையில் போய், இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பைக் கொண்டுவந்து 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று இறக்கியது. ரோவர் சாமானியக் கார் அல்ல. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் பரிசு வாங்கியது. அதில் இருந்த எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினின் மூலம் அமெரிக்காவின் ப்யூக் கம்பெனி. அதாவது நிஜமான அமெரிக்க மசில் ரத்தம். வண்டலூருக்கு அந்த உடம்பு மட்டும் வந்தது. உள்ளே வைத்தது பழைய வான்கார்டு வழிவந்த நான்கு சிலிண்டர் இன்ஜின், 1991 சி.சி. வான்கார்டு இன்ஜின்தான் ஒரு காலத்தில் ஃபெர்குசன் டிராக்டரையும் ஓட்டியது.

விலை அதிகம், பெட்ரோல் குடி, மைலேஜ் பற்றிய சர்ச்சை வேறு. 1988 வாக்கில் உற்பத்தி நின்றது. காரை யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்பதைவிட, எலக்ட்ரிக் ரயிலில் தாம்பரம் தாண்டி வேலைக்குப் போய் வந்த தொழிலாளர்கள் என்ன ஆனார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கார் வாங்குபவர் மோஹத்தில் தவறினால் அவர் பணம் போகும். கார் செய்பவர் தவறினால் எத்தனையோ அடுப்புகள் அணையும். அந்த நிலத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே, மறைமலைநகரில் ஃபோர்டு 1999இல் ஐகான் காரைக் கொண்டுவந்தது. ஓட்டப் பிரியமானவர்களுக்கான வண்டி. அதற்கு ஒரு வருஷம் முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சான்ட்ரோவைத் தொடங்கியது. உயரமான கூரை, ஏறி இறங்க வசதி, கச்சிதமான உடம்பு. தி.நகரில் துணிக்கடைக்குப் போய்வர எது வசதி என்று மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹூண்டாய் இன்றும் ஓகோவென்று ஓடுகிறது. ஃபோர்டு 2022இல் மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்தியது. காரணங்கள் பல, ஐகானை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

2016இல் அசல் மஸ்டாங்கே ஐந்து லிட்டர் வி8 இன்ஜினோடு ஏறக்குறைய 65 லட்சத்துக்கு இந்தியாவில் இறங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், 2015 டிசம்பரில், அடையாறு ஆறு கரை மீறி பேஸ்மென்ட்களில் நின்ற கார்களையெல்லாம் முழுக்கியிருந்தது. அதன்பின் நம் ஊரில் கார் வாங்கப் போகிறவர் மைலேஜுக்கு முன்னால் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று கேட்கிறார். மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றுகொள்கின்றன.

இப்போது மஹிந்திராவின் பி.இ.6 என்ற மின்சாரக் கார், செங்கல்பட்டுப் பக்கத்து மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவானது. அதுவும் ஜி.எஸ்.டி. சாலை வழிதான். நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏழு நொடிக்குள் எட்டும் என்கிறார்கள். தரையிலிருந்து நல்ல உயரம், நான்கு கதவு, பின் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். இன்ஜின் உறுமல்தான் கிடையாது.