முடிந்த புல்லும் தொங்கிய பொட்டலமும்: தென்பெண்ணை நாட்டின் நெடுநடை வழிகள்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணையைத் தமிழ்நாட்டுக்குள் முதலில் தேக்கி வைப்பது, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. அங்கிருந்து கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், அனுமன்தீர்த்தம், சாத்தனூர், திருக்கோவிலூர் எனப் படிப்படியாக இறங்கிக் கடலூர் அருகே ஆறு கடலில் சேர்கிறது. மேட்டுநிலத்தில் தொடங்கிக் கடற்கரையில் முடியும் நெடுநடைப் பாதை ஒன்றை வகுக்க வேண்டுமானால், ஆறே கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட பாதை என்றாலே அது மேலைநாட்டார் வழக்கம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அவ்வெண்ணம் சரியில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சான்றுகளைச் சங்க இலக்கியத்திலிருந்தே தொடங்கலாம். ஆற்றுப்படை நூல்களைப் புரவலர் புகழ்ச்சியாகப் படித்தே பழகிவிட்டோம். வழிநடைக் கையேடாகப் படித்தால் அவை வேறு முகம் காட்டும். சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனை எயிற்பட்டினத்து நெய்தல் நிலத்திலிருந்து உள்நாட்டுக்கு அழைத்துச் செல்கிறது. செங்கண்மாத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாம் 583 அடிகளில் இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட வீசும் கவண்கல் மேலே பட்டுவிடாமல் எப்படி ஒதுங்குவது, மறைந்த குழிகளையும் பாம்பையும் எப்படித் தவிர்ப்பது என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. கிளைவழிகள் கூடும் இடத்தில், பின்னால் வரும் புதியவர் திகைக்காதபடி புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகவும் சொல்கிறது. செங்கண்மா இன்றைய செங்கம். தென்பெண்ணைப் பள்ளத்தாக்கிலிருந்து அது தொலைவில் இல்லை. இன்று மலையேறுவோர் மரத்தில் பூசும் வண்ணக் குறியும் அன்றைய புல் முடிச்சும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

புல் காய்ந்துவிடும், கல் நிற்கும். தருமபுரிப் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைல்கல் ஒன்று 'அதியமான் பெருவழி' என்று பாதையின் பெயரைச் சொல்கிறது. நாவற்றாவளம் என்னும் இடத்துக்கு 29 காதம் என்று தொலைவையும் குறிக்கிறது. எழுத்தறியாதவர்களும் புரிந்துகொள்ளட்டும் என்று, பத்துக்கு ஒன்றாக 2 பெரிய குழிகளும் ஒன்றுகளுக்கு 9 சிறு குழிகளும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. தாவளம் என்பது வணிகர் தங்கிப்போகும் இடம். கோவை அருகே சுண்டக்காமுத்தூரில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இதைவிடப் பழையது, ஆனால் அது சோழனின் புகழைப் பாடுகிறது. வழிப்போக்கரின் கண்ணையும் விரலையும் நினைத்துச் செதுக்கியது தருமபுரிக் கல்தான். என் கணிப்பில் தமிழகப் பாதை வரலாற்றின் மிகச் சிறந்த ஆவணம் அதுவே.

சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப்பந்தல், சத்திரம் ஆகியவை இதன் தொடர்ச்சி. பாரமகால் எனப்பட்ட இப்பகுதி 1792இல் கிழக்கிந்தியக் கும்பினி வசமான பிறகு படைக்கும் வண்டிக்கும் உரிய சாலைகள் முதன்மை பெற்றன. இன்று ஓசூரிலிருந்து தருமபுரி நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் கால்நடையாகக் குறுக்கே கடப்பதற்கே துணிச்சல் வேண்டும்.

இந்த வரலாற்றில் திருப்பம் ஏற்படுத்தியவர் ஓசூர் வட்டாரத்துக்காரர். 1878 டிசம்பர் 10 அன்று தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, 1930 ஏப்ரல் 13ஆம் நாள் ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். 150 மைல், 15 நாள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகக் காவிரிப் படுகையைக் கடந்து உப்பளக் கரையில் முடிந்த நடை அது. அவர்கள் பாடிச் செல்வதற்கென்றே நாமக்கல் கவிஞர் பாட்டு எழுதிக் கொடுத்தார். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், நடப்பவர்களைத் தடுக்கவில்லை. அவர்களுக்குச் சோறும் இடமும் தருவோருக்குச் சிறை என்றுதான் அறிவித்தார். நெடுவழியின் உயிர் வழிச்சோற்றில் இருக்கிறது என்று அந்த வெள்ளைக்காரருக்குத் தெரிந்திருந்தது! ஊரார் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தார் என்று யாரைப் பிடிப்பது? ஏப்ரல் 28இல் நடை வேதாரண்யத்தை அடைந்தது, 30ஆம் தேதி உப்பெடுத்த இராஜாஜி கைதானார். மேட்டுநிலத்துக்கு உமணர் என்னும் உப்பு வணிகர் உப்பு கொண்டுவந்த காலம் போய், மேட்டுநிலத்து மனிதர் ஒருவர் உப்பைத் தேடிக் கடலுக்கு நடந்த காலம் அது. அரசியல் வரலாறாக மட்டும் எழுதப்பட்டுவரும் இந்நிகழ்வு, நாளும் தொலைவும் ஊரும் பதிவான நெடுநடைப் பாதையும் கூட.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு வழக்கு நடந்தது. டாம் ஸ்டீபன்சன் 1935இல் முன்மொழிந்த பெனைன் வழி என்னும் நெடுநடைப் பாதை, நிலவுடைமையாளர்களோடு நெடுங்காலம் பேசித் தீர்த்த பிறகு, 1965இல்தான் முழுமையாகத் திறந்தது. நீளம் 268 மைல், ஏறக்குறைய 430 கி.மீ. (பெனைன், பெண்ணை என்ற ஒலி ஒற்றுமை தற்செயலானது, நீளத்தில் இரண்டும் நெருங்கி வருவதும் அப்படியே.) அங்கே போராட்டம் நடக்கும் உரிமைக்காக. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. நம்மிடம் அந்த உரிமை எழுதாச் சட்டமாக இருந்ததால், அது நழுவியபோது எவரும் கணக்கு வைக்கவில்லை.

நடைக்கு அரசின் இசைவு இங்கே ஒரு பேரிழப்புக்குப் பிறகு இறுகியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ 20க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் முடியும் அதில் உண்டு. முன்பதிவு, கட்டணம், உள்ளூர் வழிகாட்டி என ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் இவை காலையில் ஏறி மாலையில் திரும்பும் பாதைகள். ஊர்விட்டு ஊர் போகும் வழி பட்டியலில் இல்லை.

ஆற்றங்கரை வழியை இனி வகுக்க நினைப்பவர், தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணைக் கரையில் திரளும் கூட்டத்தையும் பார்க்க வேண்டும், தலைமாட்டில் நிற்கும் கெலவரப்பள்ளியையும் பார்க்க வேண்டும். பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் கலந்து வருவதால், மழைக்காலத்தில் மதகு திறக்கும்போது வெண்ணுரை ஆளுயரத்துக்கு எழும்புகிறது. அணைக்குக் கீழே உள்ள தரைப்பாலத்தை நுரை மூடிக்கொள்ளும் நாட்களில் அங்கே போக்குவரத்து நிறுத்தப்படுகிறது.