அடிவாரத்தில் காத்திருந்தவர்கள்

"கர்த்தருடைய வேளை வரும், பொறுமையாய் இரு." கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் இந்த வார்த்தையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பரீட்சை ரிசல்ட் தள்ளிப்போனாலும் இதுதான். அண்ணனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றாலும் இதுதான். அக்காவுக்கு வரன் அமையவில்லை என்றாலும் இதுதான்.

சரி, வேளை வரும்வரை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பலரிடம் பதில் இல்லை. சும்மா இருப்பதற்கும் காத்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டா? நம் பழமொழிகளும் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. ஒன்று "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்கிறது. இன்னொன்று "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்கிறது. எதைக் கேட்பது?

இதற்குப் பிரசங்கத்தில் பதில் தேடுவதைவிடச் சரித்திரத்தில் தேடினால் என்ன என்று தோன்றியது. நம் ஏற்காடு மலையிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அடிவாரம் என்றால்...

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் எல்லோருக்கும் அடிவாரம் தெரியும். சமதரை அங்கே முடிந்துவிடும். அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் தண்ணீர், பிரேக், டயர் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி மலையில் போய்ப் பார்க்கலாம் என்றால் நடக்காது.

வேதாகமத்திலும் ஒரு அடிவாரம் இருக்கிறது. சீனாய் மலை. மோசே மேலே ஏறிப் போய்விட்டார். நாற்பது நாள் இறங்கி வரவில்லை. கீழே இருந்த ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது. காதில் கிடந்த பொன்னையெல்லாம் கழற்றிக் கொடுத்துக் கன்றுக்குட்டி செய்துவிட்டார்கள். அவர்களும் காத்திருந்தவர்கள்தான், நண்பர்களே! ஆனால் காத்திருந்த நாட்களில் செய்ய அவர்கள் கையில் வேலை எதுவும் இல்லை. வேலையில்லாத காத்திருப்பு கடைசியில் கன்றுக்குட்டியில் போய் முடிந்தது.

இதற்கு நேர் எதிராகக் காத்திருந்த இரண்டு மனிதர்களைப் பார்ப்போம். இரண்டு பேருமே தமிழ் வேதாகமத்தோடு சம்பந்தப்பட்டவர்கள்.

தரங்கம்பாடியில் ஒரு காத்திருப்பு

முதலாமவர் எல்லோருக்கும் தெரிந்த சீகன்பால்கு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். தொடங்கிய சில வாரங்களிலேயே டேனிஷ் கவர்னர் அவரைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் போட்டுவிட்டார். நான்கு மாதம் சிறை. வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது.

முடிந்தது சரி, அச்சடிக்க வேண்டுமே? லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற சங்கம் ஒரு அச்சு இயந்திரத்தை அனுப்பியது. அது வந்த கப்பலை பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். 1712ல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு 1713ல் வந்தன. வந்த எழுத்துகளோ மிகப் பெரியவை. அப்படியே அடித்தால் இருக்கிற காகிதம் போதாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். கடைசியில் 1715ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது.

கணக்குப் பார்த்தால், எழுதி முடித்ததற்கும் அச்சில் வந்ததற்கும் இடையில் நான்கு வருடம். இயந்திரம் வந்தபிறகு எழுதலாம் என்று அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இயந்திரம் வந்த நாளில் அச்சடிக்க ஒரு பக்கம்கூட இருந்திருக்காது.

அவர் 1719ல், 36 வயதில் இறந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மட்டுமே முடித்திருந்தார். மீதியை ஷூல்ட்சே என்பவர் முடிக்க, 1728ல் அது அச்சேறி நிறைவடைந்தது. அதற்குப் பிறகு வந்த ஃபப்ரிசியஸ் சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு மறுபடி முழுவதையும் மொழிபெயர்த்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772ல் வந்தது. அவர் 1791ல் இறந்தார். பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்ததை அவரும் பார்க்கவில்லை.

ஏற்காட்டில் முடிந்த ஒரு வாழ்க்கை

இப்போது நம் மலைக்கு வருவோம். ஏற்காட்டில் 1882 ஜூலை 11ஆம் தேதி ஒரு முதியவர் காலமானார். பெயர் பீட்டர் பெர்சிவல். வயது 78. படகு ஏறும் ஏரியும் லேடீஸ் சீட்டும் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அவர் இங்கிலாந்தில் 1803ல் பிறந்தவர். வெஸ்லியன் மிஷனரியாக 1826ல் யாழ்ப்பாணம் வந்தார். பள்ளிக்கூடங்கள் நடத்தினார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் ஆரம்ப வரலாற்றில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு. 1840களில் அங்கே வேதாகமத்தைப் புதிதாகத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையை முன்னின்று நடத்தினார். அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர்! சைவத்துக்காகவே வாழ்ந்த அதே நாவலர்தான். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர்.

பல வருட உழைப்பு. 1850ல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. அதற்கு வைத்த பெயர்தான் நான் யோசித்துப் பார்த்த விஷயம்: "டென்டேடிவ் வெர்ஷன்". அதாவது, இது முடிவானது இல்லை, பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

தென்னிந்தியச் சபைகள் அதை ஏற்கவில்லை. ஃபப்ரிசியஸ் மொழிபெயர்ப்பை வாசித்து வாசித்துப் பழகியிருந்தவர்களுக்குப் புதிய நடை பிடிக்கவில்லை. பிறகு ஹென்றி பவர் என்பவரை முதன்மையாகக் கொண்டு இன்னொரு குழு உட்கார்ந்தது. கால்டுவெல்லும் அந்தக் குழுவில் இருந்தார். பழைய மொழிபெயர்ப்புகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, யாழ்ப்பாணத்தாரும் நம் பக்கத்தாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு மொழிபெயர்ப்பு 1871ல் முழுமையாக வந்தது. இரண்டு பக்கமும் ஒத்துப்போனதால் அதற்கு "யூனியன் வெர்ஷன்" என்று பெயர். நம் வீடுகளில் கறுப்பு அட்டை போட்டு இருக்கிற பழைய வேதாகமம் அந்த வழியில் வந்ததுதான்.

ஒரு பி.காம். மாணவனாக எனக்கு இதைப் பார்த்ததும் இருப்பாய்வு (அதுதான், டிரையல் பேலன்ஸ்) ஞாபகத்துக்கு வந்தது. அது இல்லாமல் இறுதிக் கணக்கு போட முடியாது. எங்கோ தவறு இருக்கிறது என்று பெரும்பாலும் காட்டிக்கொடுப்பதே அதுதான். ஆனால் இறுதிக் கணக்கு தயாரானபிறகு இருப்பாய்வை எந்தக் கம்பெனியும் பங்குதாரர்களுக்கு அனுப்புவதில்லை. பெர்சிவலின் வேதாகமம் அப்படிப்பட்ட ஒரு இருப்பாய்வு.

அந்த இருபத்தோரு வருடம்

1850க்கும் 1871க்கும் இடையில் 21 வருடம். தன் உழைப்பு ஓரமாக வைக்கப்பட்டு, அதே வேலையை வேறொருவர் செய்வதை உயிரோடு இருந்து பார்க்க வேண்டிய நிலைமை. நம்மில் ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்போம்? புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறியிருப்போம்.

பெர்சிவல் என்ன செய்தார் என்று பாருங்கள்.

1850களில் சென்னைக்கு வந்தார். 1855ல் "தினவர்த்தமானி" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தமிழில் செய்திப் பத்திரிகைகள் அபூர்வமாக இருந்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து சி.வை. தாமோதரம்பிள்ளையை அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியராக அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளில் இருந்த பழந்தமிழ் நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடி அவர்தான். பெர்சிவல் பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராகவும் வேலை பார்த்தார். அகராதிகள் தொகுத்தார்.

இன்னொன்றும் செய்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே தமிழ்ப் பழமொழிகளைச் சேர்த்து ஒரு புத்தகம் போட்டிருந்தார். அதில் இருந்தவை இரண்டாயிரத்துக்கும் குறைவு. அதை அவர் விடவில்லை. சேர்த்துக்கொண்டே இருந்தார். 1874ல் வந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கும் அதிகமான பழமொழிகள்! ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்போடு. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அவருடைய வேதாகமத்தின் இடத்தில் வேறொன்று வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கதவு ஒன்று அடைபட்டபோது அந்தக் கதவின் முன்னாலேயே அவர் உட்கார்ந்துவிடவில்லை. கையில் இருந்த தமிழை வைத்து அடுத்த வேலையைச் செய்தார்.

நாவலரையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. அவர் பெர்சிவலிடம் இருந்த காலத்திலேயே சைவ நூல்களையும் வடமொழியையும் ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த வருடமே சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கினார். நாம் எந்த மார்க்கத்தில் இருந்தாலும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். தன்னுடைய வேளை வந்தபோது அவர் கையில் எண்ணெய் இருந்தது.

எண்ணெய் உள்ள விளக்கு

எண்ணெய் என்றதும் பத்து கன்னிகைகள் உவமை உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். மணவாளன் வரத் தாமதமானான். அந்தக் கதையில் நாம் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. தூங்கியது புத்தியில்லாத ஐந்து பேர் மட்டும் இல்லை. பத்து பேருமே தூங்கிவிட்டார்கள்! புத்தியுள்ளவர்களை யாரும் தூங்கியதற்காகக் குறை சொல்லவில்லை. வித்தியாசம் எண்ணெயில்தான் இருந்தது. ஆயத்தமாக இருப்பது என்றால் பதற்றத்தோடு விடிய விடிய விழித்திருப்பது என்று அர்த்தம் இல்லை. வேண்டியதைச் சேர்த்து வைத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

நம் சேர்வராயன் மலைக் காபித் தோட்டக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார். காபிச் செடி நட்டவுடன் காய்த்துவிடாது. மூன்று நான்கு வருடம் ஆகும். அதற்குப் பிறகும் மொட்டு விட்டு அப்படியே நிற்கும். கோடை மழை ஒன்று பெய்ததும் பத்து நாளுக்குள் தோட்டம் முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். மழையை வரவைக்க எந்தத் தோட்டக்காரராலும் முடியாது. ஆனால் கவாத்து செய்வதும், நிழல் மரங்களைக் கழிப்பதும், உரம் போடுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்ட தோட்டத்திலும் அதே மழைதான் பெய்கிறது. பூ மட்டும் அதே அளவுக்கு வராது.

மழை ஆண்டவர் வேலை. கவாத்து நம் வேலை.

நமக்கு என்ன?

இந்தச் சரித்திரத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது மூன்று விஷயங்கள்.

ஒன்று, காத்திருக்கும் காலமும் வேலைக் காலம்தான். சீகன்பால்கு இயந்திரத்துக்கு முன்பே எழுதி முடித்தார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபிறகு டேலி கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தால் எப்படி? ஜெபத்துக்கும் இதே கணக்குத்தான். கஷ்டம் வந்த அன்றைக்குத்தான் ஜெபிக்கப் பழகுவேன் என்றால், அந்த நாளில் வார்த்தை வராது.

இரண்டு, வேளை நம் பெயரில்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெர்சிவல் போட்ட உழைப்பு இன்னொருவர் தலைமையில் வந்த புத்தகத்துக்கு ஒரு படியாக இருந்தது. ரூத் வரை எழுதியவர் ஒருவர், மீதியை முடித்தவர் ஒருவர். தேவனுடைய நேரத்தை நம்புகிறேன் என்று சொல்வது சுலபம். அந்த நேரம் என் வாழ்நாளுக்குள் வராமல் போனாலும் நம்புவேன் என்று சொல்வதுதான் கஷ்டம். உண்மையைச் சொன்னால், எனக்கே அது இன்னும் முழுதாக வசப்படவில்லை.

மூன்று, "தேவனுடைய வேளை" என்ற வார்த்தையை அடுத்தவரைச் சும்மா இருக்கச் சொல்லப் பயன்படுத்தக் கூடாது. வேலை இல்லாமல் தவிக்கிற ஒருவனிடம் "காத்திரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதி ஆறுதல்தான். பெர்சிவல் தாமோதரம்பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுத்தார். நம்மால் முடிந்தால் ஒரு பயோடேட்டா எழுதிக் கொடுப்போம், தெரிந்த இடத்தில் சொல்லி வைப்போம். அதன்பிறகு காத்திருக்கச் சொல்லுவோம். அப்போது அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை இருக்கும்.

ஏற்காட்டில் 1853ல் கட்டப்பட்ட ஹோலி டிரினிட்டி தேவாலயம் இருக்கிறது. பல்லாவரத்தில் 1863ல் ஆதிமனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட்டுக்கு அங்கே நினைவுக்கல் உண்டு. அவர் பெர்சிவலின் மருமகன். அடுத்த முறை மலைக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டது போக மிச்சமிருக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். அப்போது அவருடைய மாமனாரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். "டென்டேடிவ்" என்று தானே பெயர் வைத்து ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அதன்பிறகும் முப்பது வருடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காராத மனிதர் அவர்.