பூட்டாத பெட்டி: செஸ்டர் பீட்டி என்ற கொடையாளர்

இங்கிலாந்தில் வாழும் மகளைப் பார்க்கச் சில வருடங்களுக்கு முன்னர் சென்றிருந்தேன். அப்போது மருமகன், "மாமா, அயர்லாந்தில் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது" என்று சொல்லி டப்ளினுக்கு அழைத்துச் சென்றார். டப்ளின் கோட்டையின் தோட்டத்தை ஒட்டிப் பழைய மணிக்கூட்டுக் கோபுரக் கட்டடம் ஒன்று. வாசலில் எவரும் கட்டணம் கேட்கவில்லை. மேல்மாடியில் வெளிச்சம் குறைக்கப்பட்ட அறையொன்றில், கண்ணாடிப் பேழைக்குள் விரித்து வைக்கப்பட்டிருந்த ஒரு சிறிய குர்ஆன் பிரதியின் முன்னால் போய் நின்றேன்.

உயரம் 18 சென்டிமீற்றர்கூட இராது. பெரிய பெரிய எழுத்துகளில், தங்கப் பூச்சில் மின்னும் அரச பிரதிகளுக்கு நடுவே அது அடக்கமாகக் கிடந்தது. அதன் நஸ்க் எழுத்தோ நேற்று எழுதி மை உலர்ந்தது போலத் தெளிவாக இருந்தது. எழுதியவர் அலி இப்னு ஹிலால். எழுதிய இடம் பக்தாத். எழுதிய ஆண்டு ஹிஜ்ரி 391, அதாவது கி.பி. 1000 - 1001.

இந்த அலி இப்னு ஹிலாலைத்தான் உலகம் இப்னுல் பவ்வாப் என்று அறியும். 'வாயில் காப்போனின் மகன்' என்பது அதன் பொருள். இப்னு முக்லா வகுத்துத் தந்த எழுத்திலக்கணத்துக்கு அழகும் ஓட்டமும் சேர்த்தவர் இவரே என்று எழுத்தணிக் கலையின் வரலாறு கூறும். அவருடைய கைப்பட எழுதப்பட்டதென்று அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட குர்ஆன் பிரதி இது ஒன்றுதான். 1258இல் மொங்கோலியப் படை பக்தாதின் நூலகங்களை அழித்தது. 2003 ஏப்ரலில் அதே நகரின் தேசிய நூலகம் தீப்பற்றி எரிந்தது. வாயில் காப்போனின் மகன் எழுதிய இந்தச் சிறு பிரதி மட்டும் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து என் முன்னால் திறந்து கிடந்தது.

அதை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் முஸ்லிம் அல்லர். கீழைத்தேய மொழிகளில் புலவரும் அல்லர். அவர் ஒரு சுரங்கப் பொறியியலாளர்.

அல்பிரட் செஸ்டர் பீட்டி 1875இல் நியூயோர்க்கில் பிறந்தார். சிறுவயதிலேயே கனிமக் கற்கள், முத்திரைகள், சீனத்து மூக்குப்பொடிக் குப்பிகள் என்று சேர்க்கத் தொடங்கிவிட்டார். கொலம்பியாவின் சுரங்கக் கல்லூரியில் பயின்றபின் கொலராடோ மலைச் சுரங்கங்களுக்குப் போனார். பட்டம் பெற்றவரானாலும் பாறைத்துகள்களை வாரியள்ளும் கூலித் தொழிலாளியாகவே வாழ்க்கையைத் தொடங்கினார். அங்கே சுவாசித்த தூசு அவருடைய நுரையீரலைப் பாதித்து ஆயுள் முழுவதும் தொல்லை தந்தது. தொழிலில் மளமளவென்று உயர்ந்தார். 1911இல் மனைவி காய்ச்சலில் இறந்தார். இரு பிள்ளைகளோடு லண்டனில் குடியேறி, மறுமணம் புரிந்து, 1914இல் சிலெக்ஷன் டிரஸ்ட் என்ற சுரங்க நிறுவனத்தை நிறுவினார்.

அதே 1914இல்தான் அவருடைய வாழ்வில் இன்னொரு கதவு திறந்தது. மனைவியோடு எகிப்துக்குச் சென்றவர், கெய்ரோ கடைத்தெருவில் அலங்கரிக்கப்பட்ட குர்ஆன் பிரதிகளைக் கண்டு மனம் பறிகொடுத்தார். பிரமிட்டுகளுக்கு அருகே வீடொன்றை வாங்கிக் குளிர்காலங்களை அங்கேயே கழித்தார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அவர் சேர்த்தவற்றுள் 260க்கு மேற்பட்ட குர்ஆன் பிரதிகளும் பகுதிகளும் உள்ளன. பாரசீக, துருக்கிய, முகலாயச் சித்திரப் பிரதிகளும் சீன, யப்பானியச் சுருள்களும் சேர்ந்தன. விவிலியத்தின் மிகப் பழைய பாப்பிரசுப் பிரதிகள் சிலவும் அவரிடம் வந்தன. எண்ணிக்கையை விடத் தரமே முக்கியம் என்பது அவருடைய கொள்கை.

சேகரிப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் சேர்த்ததைப் பூட்டி வைப்பார்கள். பீட்டி பூட்டவில்லை. விவிலியப் பாப்பிரசுகள் கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1933 முதல், பிரெட்ரிக் கென்யன் அவற்றைப் பதிப்பித்து வெளியிட வழிசெய்தார். அரபுக் கையெழுத்துப் பிரதிகளைப் பேராசிரியர் ஆர்பெரி பட்டியலிட, அது பல தொகுதிகளாக வெளிவந்தது. இப்னுல் பவ்வாபின் பிரதியை ஆராய்ந்து டி.எஸ். ரைஸ் 1955இல் தனி நூலே எழுதினார். இன்று எங்கோ ஒரு மாணவன் அந்தப் பிரதியைப் பற்றிப் படிக்க முடிகிறதென்றால் அதற்கு இந்தத் திறந்த மனமே காரணம்.

கொடையும் அப்படித்தான். எகிப்தியப் பாப்பிரசுகளை பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். லண்டனில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அவர் அளித்த ஆதரவினால் ஓர் ஆய்வு நிறுவனமே அவர் பெயரைத் தாங்கியது. 1950இல் டப்ளினுக்குக் குடிபெயர்ந்ததும் 90க்கு மேற்பட்ட ஓவியங்களை அயர்லாந்தின் தேசிய ஓவியக்கூடத்துக்கு வழங்கினார். தம் நூல்களுக்கென நூலகம் கட்டி 1954இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1957இல் அயர்லாந்து அவரைத் தன் முதலாவது கௌரவக் குடிமகனாக்கியது. 1968 ஜனவரியில் மொன்டே கார்லோவில் காலமானபோது, அரச பதவி எதையும் வகித்திராத அவரை அந்த நாடு அரச மரியாதையோடு டப்ளினில் அடக்கம் செய்தது. தேடிய பொக்கிஷம் முழுவதும் பொதுமக்களுக்கான நம்பிக்கைச் சொத்தாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. நம் வழக்கில் சொன்னால், ஒரு வக்பு. 2000ஆம் ஆண்டில் அது இப்போதைய கோட்டைக் கட்டடத்துக்கு மாறியது.

இவ்வளவோடு நிறுத்தினால் இது புகழ்மாலையாகி விடும். அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். அதில் பெரும்பங்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தது. இன்றைய ஸாம்பியாவின் செப்புச் சுரங்கங்களைத் திறந்தவர்களுள் பீட்டி முக்கியமானவர். அவருடைய நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த ரோன் அன்டெலோப் சுரங்கத்தில், 1935 மே மாதம், வரி உயர்வை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த கறுப்பினத் தொழிலாளர் மீது குடியேற்ற ஆட்சியின் பொலிஸார் சுட்டதில் ஆறு பேர் மாண்டனர். அந்த ஆறு பேருக்கும் கண்ணாடிப் பேழை இல்லை. தாமும் ஒரு காலத்தில் சுரங்கக் கூலியாக இருந்து நெஞ்சு கெட்டவர் பீட்டி. அந்த மனிதரின் செல்வத்துக்கு அடியில் வேறு மனிதர்களின் உழைப்பும் உயிரும் கிடந்தன என்பதை மறைத்துவிட்டு அவரை நினைவுகூர எனக்கு மனமில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. பக்தாதில் எழுதப்பட்டது டப்ளினில் ஏன் இருக்க வேண்டும்? பணம் கொடுத்து வாங்கினார் என்பது உண்மை. வாங்கும் வசதி ஐரோப்பாவுக்கும், விற்கும் நிலை கீழைத்தேயத்துக்கும் வாய்த்த காலம் அது என்பதும் உண்மை. பேழையின் முன் நின்றபோது இந்தக் கோபம் எனக்குள்ளும் எழத்தான் செய்தது.

ஆனால் அந்தக் கோபம் நிலைக்கவில்லை. என் வாப்பாவின் மரப்பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் வீட்டு அறைமூலையில் அந்தப் பெட்டி இருந்தது. உள்ளே கையெழுத்துக் கிதாபுகள், அரபுத்தமிழ் மாலைகள், உம்மும்மா ஓதிய பழுப்பேறிய தாள்கள். வாப்பா அதைப் பூட்டியே வைத்திருப்பார். எவருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். நாங்கள் தொட்டால் ஏசுவார். அதில் என்னென்ன இருந்தன என்று எவரும் எழுதி வைக்கவில்லை. நானும் எழுதவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணி நேர அவகாசத்தில் நாங்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. பல வருடங்களின் பின்னர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. திறப்பு மட்டும் புத்தளத்தில், வாப்பாவின் சட்டைப்பையிலேயே, அவர் மௌத்தாகும் வரை இருந்தது.

வாப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் அந்தக் கிதாபுகளை உயிராக நேசித்தார். பீட்டியும் நேசித்தார். நேசித்ததைப் பிறர் கையில் கொடுக்கும் துணிவு ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இருக்கவில்லை. ஒரு பிரதி பலருடைய கண்ணில் பட்டு, பட்டியலில் ஏறி, படமெடுக்கப்பட்டிருந்தால், வீடு எரிந்தாலும் ஊர் பறிபோனாலும் அதன் சொல்லாவது மிஞ்சும். மறைந்த பின்னும் நன்மை சேர்த்துக்கொண்டிருக்கும் தர்மத்தை ஸதகதுல் ஜாரியா என்கிறோம். கிணறு வெட்டுகிறோம், பள்ளி கட்டுகிறோம், மத்ரஸாவுக்குக் காணி எழுதுகிறோம். வீட்டிலிருக்கும் பழைய கிதாபை வெளியே எடுத்து ஒருவருக்குக் காட்டுவதும் அந்த வகையில் சேரும் என்று நமக்கு ஏனோ தோன்றுவதில்லை. அதற்குச் செப்புச் சுரங்கம் தேவையில்லை.

ஊர் திரும்பியதும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். புத்தளத்தில் தெரிந்த வீடுகளுக்குப் போய், யாரிடம் என்ன கிதாபு இருக்கிறதென்று கேட்டு எழுதிவருகிறேன். சில வீடுகளில் தேநீர் தருகிறார்கள், பெட்டியைத் திறப்பதில்லை. முதல் பக்கம் இன்னும் நிரம்பவில்லை.