தொட்டியிலிருந்து வந்த வீடு

மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல் என்று நாலு மாநிலம் சுற்றியவன் நான். காருக்குப் பின்னாலேயே வீடும் வரும் என்றால் பொறாமை வராதா? இந்த 'டிராவல் டிரெய்லர்' கதையைத் தோண்டியது அதனால்தான்.

1885-ல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை டாக்டர் ஊர் சுற்றுவதற்கென்றே ஒரு வண்டி செய்துகொண்டார். எடை சுமார் 2 டன், இழுக்க இரண்டு குதிரை, கூடவே பணியாள்! 1936-ல் அமெரிக்காவில் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் 1,200 டாலர். சம்பளக்காரனுக்கு எட்டுமா?

எட்டவைத்தது, சிரிக்காதீர்கள், செப்டிக் டேங்க்! கனடாவின் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் செய்தவர். அதே பொருளில் வண்டி செய்தால் என்ன என்று யோசித்தார். 1968-ல் 'போலர்' பிறந்தது. 13 அடி நீளம், மேலோடு கீழோடு என்று இரண்டையும் நடுவில் ஒட்டியது. எடை சுமார் 450 கிலோதான். அதாவது, வண்டியை இழுக்கவென்று தனியாகப் பெரிய கார் வாங்க வேண்டாம். லோன் மனு பார்க்கிற என் கண்ணுக்கு விஷயமே இதுதான். பகலில் சாப்பாட்டு மேஜை, ராத்திரி அதுவே கட்டில்.

வாங்கியவர் கொக்கியில் மாட்டி, பாதுகாப்புச் சங்கிலி போட்டு, பின்விளக்குக்கு வயர் கொடுத்து, தானே வீட்டுக்கு இழுத்துப் போகலாம். ரிவர்ஸ் எடுப்பதுதான் வேதனை, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும் :-)

1988-ல் உற்பத்தி நின்றது. அந்த முட்டைகளைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, இன்றும் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.